பழவேற்காட்டுத் துணியும் அதை எழுதிய கைகளும்



சில கேள்விகளுக்குப் பாடநூலில் விடை இருக்கும். சில கேள்விகள் பாடநூலை மூடிய பிறகுதான் தொடங்கும். அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் எனக்கு வாய்த்தது இரண்டாம் வகை.

ஈஜோக் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நம் முன்னோர் கப்பலேறி வந்தது, கங்காணி, லயம், பால்மரம், பிறகு பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டது எனக் கதை நீண்டது. வகுப்பில் பாதிப் பேருக்கு இது பாட்டி வாயால் கேட்ட கதைதான். அப்போது பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, நம்ம ஆளுங்க வரும்போது வெறுங்கையோடதான் வந்தாங்களா?" என்று கேட்டான்.

உழைப்பைக் கொண்டு வந்தார்கள், தெய்வத்தைக் கொண்டு வந்தார்கள், மொழியைக் கொண்டு வந்தார்கள் என்று ஏதோ சொல்லி அமர வைத்தேன். அவன் அமர்ந்தான். ஆனால் முகம் தெளியவில்லை. அவன் கேட்டது கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளை. நான் கொடுத்ததோ மேடைப் பேச்சு!

அன்று மாலை இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு மலாய்க்காரப் பெரியவரின் துணிக்கடை கண்ணில் பட்டது. கட்டம் போட்ட கைலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அட்டையில் 'கைன் பெலிகாட்' என்று எழுதியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் சொல். சூராவுக்குத் தொழப் போகும் அண்டை வீட்டார் உடுத்துவது அதைத்தான். என் பாட்டி பால்மரம் வெட்டப் போகும்போது இடுப்பில் சுற்றியதும் அதைத்தான். நைந்துபோன பிறகு அதே துணி உத்திரத்தில் ஏணையாகத் தொங்கியது. நானும் என் தம்பி தங்கையரும் அதில் கிடந்து உறங்கியவர்கள். அந்தச் சொல்லின் பொருளை நான் ஒருமுறைகூட மாணவர்களிடம் சொன்னதில்லை.

பெலிகாட் என்பது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பெரிய உப்பங்கழி ஒன்றின் கரையில் இருக்கிறது பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் அது 'புலிகாட்' ஆயிற்று. மலாய்க்காரர் நாவில் 'பெலிகாட்' ஆயிற்று. அத்துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஊர் மறந்துபோனது, துணி மறக்கவில்லை.

வரலாற்றைச் சற்றே பார்ப்போம். தமிழகக் கடற்கரைத் துணி இத்தீவுகளுக்கு வந்தது வெள்ளைக்காரன் வந்த பிறகு அல்ல. 1511 ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அங்கே 'கெலிங்' வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் மலாக்காவில் தங்கியிருந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், அவர்களைப் பற்றியும் அவர்கள் கொண்டுவந்த துணிகளைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவை விளைந்த தீவுகளில் வெள்ளிக் காசைவிடத் துணிக்கே மதிப்பு அதிகம். கிராம்பு வேண்டுமானால் சோழமண்டலத் துணியோடு போக வேண்டும் என்பதே அக்கால வாணிபத்தின் விதி.

டச்சுக்காரர்கள் இதை விரைவில் புரிந்துகொண்டார்கள். 1610 இல் பழவேற்காட்டில் கால் வைத்தார்கள். 1613 இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரைதான் மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை, அங்கிருந்து துணி வராவிட்டால் இங்கே வாணிபம் செத்துவிடும் என்று 1612 இல் அவர்களின் அதிகாரி ஹென்றிக் புரௌவர் எழுதினார். 1641 இல் மலாக்காவும் அவர்கள் கைக்கு வந்தது. 1690 வரை பழவேற்காடே சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. துணி மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 17 ஆம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் பழவேற்காட்டிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள்.

கோல சிலாங்கூருக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லாத பள்ளி நம் வட்டாரத்தில் உண்டா? புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளுக்குக் கடலை போடுகிறோம். பீரங்கிகள் மீது ஏறி நின்று படம் எடுக்கிறோம். 1784 ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் அக்குன்றைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் அதை ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். அங்குள்ள கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் அதே பெயர்தான். பழவேற்காட்டில் துணி வாங்கிய கம்பெனியும் நம் குன்றின் மீது ஏறிய கம்பெனியும் ஒன்றே! பிறகு 1824 இல் இலண்டனில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின்படி, டச்சுக்காரர்கள் மலாக்காவையும் இந்தியாவில் தங்களுக்கிருந்த எல்லா இடங்களையும் ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். மலாக்காவும் பழவேற்காடும் ஒரே தாளில் கைமாறின. இந்த ஒப்பந்தத்தை நாம் நாட்டின் எல்லை பிரிந்த கதையாக மட்டுமே படிப்பிக்கிறோம்.

இதுவரை சொன்னது கப்பல்காரர் கதை, கோட்டைக்காரர் கதை. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நம்மவர் பெருமை பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடும். 'கடல் கடந்து வாணிபம் செய்த தமிழன்' என்று முடித்துவிடுவோம். கப்பலில் ஏறிய துணியைச் செய்தவர் யார், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், அவர் கைக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை.

கப்பலேறிய துணிகள் பல வகை. பெலிகாட் நெசவுத் துணி. நூலுக்கு முன்பே சாயமேற்றி, தறியில் கட்டம் விழும்படி நெய்வது. இன்னொரு வகை, நெய்த துணியின் மேல் கையால் சித்திரம் எழுதிச் சாயம் ஏற்றுவது. அதைத்தான் இன்று கலம்காரி என்கிறோம். கலம் என்றால் எழுதுகோல். ஐரோப்பியர் 'சின்ட்ஸ்' என்றார்கள். நம் நாட்டு மலாய் மொழியில் 'கைன் சித்தா' என்ற சொல் இருக்கிறதே, அதுவும் அதே குடும்பத்துச் சொல்தான். நம் பாட்டிமார் சீட்டித் துணி என்றார்கள்.

இந்தச் சித்திரக்காரரின் அன்றாட வேலையை நாம் அறிந்துகொள்ள இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் காரணம் என்பது சற்று வேடிக்கை. முதலாமவர் பொலியூ என்னும் கடற்படை அதிகாரி. ஏறத்தாழ 1734 இல் புதுச்சேரியில் ஒரு சித்திரக்காரரின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் ஒட்டிய கையெழுத்துப் படி இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாமவர் கேர்து என்னும் கிறித்துவப் பாதிரியார். 1742 இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் சாயத் தொழிலின் நுணுக்கங்கள் வரிசையாக வருகின்றன. தம்மிடம் மதம் மாறி வந்த சித்திரக்காரர்களிடம் கேட்டறிந்தே எழுதினார். (இதே பாதிரியார்தான் பின்னாளில், 1767 இல், சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டியவர். மொழி படிப்பிக்கும் நமக்கு இது கூடுதல் செய்தி.)

இருவருமே தம் நாட்டுத் தொழிலாளர் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தில்தான் எழுதினார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சித்திரக்காரர்களின் பெயர் எவர் ஏட்டிலும் எழுதப்படாத காலத்தில், அவர்களின் கை செய்த வேலை மட்டுமாவது எழுதப்பட்டது.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள். பொறுமைதான் இத்தொழிலின் மூலதனம்.

கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். முதலில் அதை ஊறவைத்துத் துவைத்து, வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காயை இடித்து, எருமைப்பாலில் கலந்து, துணியை அதில் தோய்த்துப் பிழிந்து வெயிலில் காயப்போட வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் காக்கும். பாலும் கடுக்காயும் ஏறிய துணியை மரக்கட்டையின் மீது வைத்துத் தட்டி வழவழப்பாக்குவார்கள். இவ்வளவும் நடந்த பிறகுதான் அது எழுதத் தகுந்த துணி.

சித்திரத்தைத் துணியில் பதிப்பதற்குத் தாளில் படம் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டுவது அக்கால முறை. வணிகர் கொடுத்த மாதிரி பிசகாமல் வர வேண்டும் அல்லவா! இன்றைய காளத்திச் சித்திரக்காரர்களோ புளியங்குச்சியைச் சுட்ட கரியால் துணியின் மீதே நேராக வரைகிறார்கள்.

எழுதுகோல் எளிமையானது. கூர் சீவிய மூங்கில் குச்சி. கூருக்குச் சற்று மேலே கம்பளியோ பழந்துணியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். சாயத்தில் தோய்த்தால் அந்த உருண்டை சாயத்தைக் குடித்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் கூர் வழியாக இறங்கும். அழுத்தம் கூடினால் சொட்டிவிடும். சொட்டிய கறுப்பை அழிக்க வழியில்லை.

கறுப்புச் சாயம் கடையில் கிடைப்பதன்று. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டு, மண்பானையில் இரண்டு மூன்று வாரம் புளிக்க விட வேண்டும். அந்த நீர் தெளிந்த நிலையில் பழுப்பாகத்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கறுக்கும். அறிவியல் பாடத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்ட இதைவிட நல்ல சோதனை வேறில்லை.

சிவப்பு இன்னும் விந்தையானது. சித்திரக்காரர் சிவப்பை எழுதுவதே இல்லை! சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை எழுதுகிறார். கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் சிறிது நிறம் கலந்துகொள்வார். காய விட்டு, ஓடும் நீரில் அலசி, பிறகு சாயவேர் போட்ட செப்புப் பாத்திரத்தில் முழுத் துணியையும் இட்டுக் காய்ச்சுவார். படிகாரம் பட்ட இடம் மட்டும் இரத்தச் சிவப்பாக மாறும். மற்ற இடங்களில் ஏறிய மங்கலான நிறத்தைப் போக்க, சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

நீலம் வேறொருவர் வேலை. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரிச் சாயத் தொட்டி வைத்திருப்பவரிடம் துணியைக் கொடுத்துவிடுவார் சித்திரக்காரர். திரும்பி வந்ததும் கொதிநீரில் மெழுகை எடுத்துவிட்டு மஞ்சளை எழுதுவார். நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. நம் நாட்டில் பாத்தேக் செய்பவர்கள் சாந்திங் என்னும் சிறு செப்புக் குவளையால் மெழுகு எழுதுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மெழுகால் நிறத்தைத் தடுக்கும் அறிவு இரு கரைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போடுவோர் போடட்டும்.

இத்தனையிலும் பெரிய முதலாளி தண்ணீர். எந்த ஊர்க் கிணற்றுநீரில், எந்த ஆற்றுநீரில் சிவப்பு நன்றாக ஏறும் என்பதே ஓர் ஊரின் சொத்து. மழைக்காலத்தில் ஆறு கலங்கிவிடும், வெயில் இருக்காது, வேலை நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் சித்திரக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதை, மழைநாளில் பால்மரம் வெட்ட முடியாமல் கூலி இழந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சாயவேர் என்பது மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் வளரும் சிறு செடியின் வேர். இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் விளைந்த வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தமக்கே வைத்துக்கொண்டார்கள். வேர் தோண்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தார்கள். ஆக, தோண்டுபவர் ஒருவர், நூற்பவர் பல பெண்கள், நெய்பவர் ஒருவர், வெளுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், நீலம் தோய்ப்பவர் ஒருவர். ஒரு துண்டுத் துணிக்குப் பின்னால் ஒரு சிற்றூரே நின்றது.

சரி, பணம் எப்படி நடந்தது?

கம்பெனி நேராகச் சித்திரக்காரரிடம் வருவதில்லை. இடையில் தலைமை வணிகர், அவருக்குக் கீழே தரகர். சென்னையில் ஆங்கிலக் கம்பெனிக்குத் தலைமை வணிகராக இருந்து 1680 இல் மறைந்த காசி வீரண்ணா போன்றோர் பெருஞ்செல்வர்கள். கப்பல் வரும் பருவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே கம்பெனி முன்பணம் கொடுக்கும். அது தரகர் வழியாக இறங்கி வரும். அந்தப் பணத்தில்தான் நூலும் அரிசியும் வாங்க வேண்டும். கூடவே ஒரு மாதிரித் துணியும் வரும். வேலை முடிந்து துணி கோட்டைக்குப் போனால், அங்கே மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். நீளம் குறைந்தாலும் நிறம் மங்கினாலும் விலையைக் குறைப்பார்கள் அல்லது தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்ட துணிக்கு வாங்கிய முன்பணம் கடனாக நின்றுவிடும். தோட்டத்துக் கடையில் 'பற்று' எழுதி வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

எனினும், தொழிலாளர் எப்போதும் கைகட்டி நின்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். துணி கேட்டுப் பல கம்பெனிகள் போட்டியிட்ட வரை அவர்களுக்குப் பேரம் பேசும் வலு இருந்தது. ஓரிடத்தில் கெடுபிடி மிகுந்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்கவே ஊர் கட்டிக் கொடுத்தார்கள். சென்னையிலுள்ள சிந்தாதிரிப்பேட்டை அப்படிப் பிறந்ததுதான். 1734 இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் எழுதுவோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோருக்கென்றே உண்டாக்கிய குடியிருப்பு. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம். பொலியூ புதுச்சேரியில் துண்டு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அதே காலம் என்பதைக் கவனியுங்கள். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கையில் ஆட்சியும் வந்த பிறகு நிலை மாறியது. வாங்குபவனே ஆள்பவனும் ஆனால் பேரம் ஏது?

எழுதும் சித்திரத்தையும் சந்தைதான் முடிவு செய்தது. மலாய்த் தீவுகளுக்கு ஒரு வகை, சயாமுக்கு வேறொரு வகை, ஐரோப்பாவுக்குப் பூங்கொடிகள் படர்ந்த கட்டில் விரிப்புகள். தாம் காணாத நாட்டவரின் விருப்பத்தை, காணாத பூக்களால் எழுதினார் நம் சித்திரக்காரர். சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள், இப்படி வந்த இந்தியத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் புனிதப் பொருளாகக் காத்துச் சடங்குகளில் மட்டுமே வெளியே எடுத்தார்கள். எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஐரோப்பாவில் இத்துணியின் மோகம் எவ்வளவு என்றால், தம் நாட்டு நெசவாளர் பிழைக்க வேண்டும் என்று 1686 இல் பிரான்சும் 1701, 1721 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தும் தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. பிறகு அவர்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1783 இல் தாமஸ் பெல் என்பவர் உருளையால் துணியில் அச்சடிக்கும் பொறிக்கு உரிமம் பெற்றார். நம்மவர் வாரக்கணக்கில் எழுதியதை அது நிமிடக்கணக்கில் அடித்தது. 1868 இல் செருமானியர் இருவர் சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். 1897 இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியவர், அவுரி விளைவித்தவர் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வேலை இழந்தார்கள். அதே காலத்தில்தான் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் கப்பலாக ஆள் ஏறியது. அவர்கள் அனைவரும் தொழில் இழந்த நெசவாளர் என்று சொல்வது தவறு. பெரும்பாலோர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். ஆனால், கைத்தொழில் நொடித்து நிலத்தின் மீது பாரம் கூடிய ஒரு நாட்டிலிருந்தே அவர்கள் புறப்பட்டார்கள்.

தொழில் முற்றாக அழியவில்லை. கோயில் அதைக் காத்தது. தேரில் தொங்கும் தொம்பை, சுவாமிக்கு மேலே கட்டும் விதானம், வாசல் தோரணம் ஆகியவற்றை எழுதும் குடும்பங்கள் கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் பிற ஊர்களிலும் தொடர்ந்தன. 2021 இல் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திர மாநிலத்துச் சீகாளத்தியில் 1957 இல், கமலாதேவி சட்டோபாத்தியாயா அம்மையாரின் முயற்சியால் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த சித்திரக்காரர் தொகை அதன் பிறகே பெருகியது. அவ்வூர்ச் சித்திரக்காரர் ஜொன்னலகட்டா குரப்பா செட்டிக்கு 2008 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சீகாளத்திக்கு நம் நாட்டிலிருந்து எத்தனையோ பேர் போகிறோம், இராகு கேது பரிகாரத்துக்காக. நானும் ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்து தெருவில் நடந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருவர் குனிந்து துணியில் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதைக் கடந்த வயது. உள்ளே அவர் மனைவி பூவிதழ்களுக்கு மஞ்சள் நிரப்பிக்கொண்டிருந்தார். கோடு அவருடையது, நிறம் அம்மையாருடையது. விலை பேசுவது மட்டும் அவர். தெலுங்கு கலந்த தமிழில் நன்றாகவே பேசினார். சேலைக்கும் துப்பட்டாவுக்கும்தான் இப்போது கேள்வி அதிகம் என்றார். பெருநகரக் கடைக்காரர்கள் மாதிரி அனுப்பி மொத்தமாக வாங்குவார்களாம். பணம் சில மாதம் கழித்து வருமாம். அவருடைய சித்திரத்தையே எங்கோ அச்சடித்து, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கலம்காரி என்றே விற்கிறார்களாம். மூன்று நூற்றாண்டுக் கணக்கில் பெரிய மாற்றமில்லை என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஏனென்றால், அப்போது நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கற்பக மரம் எழுதிய சிறு துணி ஒன்று பிடித்துப்போயிற்று. ஆயிரத்து இருநூறு ரூபாய் சொன்னார். சுற்றுலாக்காரனை ஏமாற்றுகிறாரோ என்ற ஐயத்தில் ஆயிரத்துக்குக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கொடுத்தார். மடித்துத் தரும்போது, "இதுல என் கலம் ஓடினது மூணு நாள்தாங்க ஐயா. மத்த நாளெல்லாம் தண்ணிக்கும் வெயிலுக்கும் காத்திருந்தது" என்றார். ஆற்றில் நீர் குறைந்துவிட்டதால் அலசுவதற்கு வேறிடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். அந்த இருநூறு ரூபாய் அன்றைய கணக்கில் எனக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு.

அந்தத் துணி பல ஆண்டுகளாக என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. மாணவனின் கேள்விக்குப் பிறகு, அதையும் பாட்டியின் பழைய கைலித் துண்டு ஒன்றையும் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். வரைபடத்தில் பழவேற்காட்டையும் மலாக்காவையும் கோல சிலாங்கூரையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டினேன். பெலிகாட் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னபோது வகுப்பே திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தொங்கும் தொம்பைகளைப் பற்றியும் பேச்சு வந்தது. இப்போது தொங்குபவை பளபளக்கும் செயற்கைத் துணி. விலை மலிவு, மழையில் நனைந்தாலும் கெடுவதில்லை என்று நிருவாகத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

துணியைக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கடுக்காய் வாடை போகவில்லை. "மருந்து மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "புளிச்ச பால்" என்றான் இன்னொருவன். வரிசையாகக் கைமாறி அந்தப் பின்வரிசை மாணவனிடம் வந்தது. அவன் முகரவில்லை. துணியைத் திருப்பிப் பின்புறத்தில் சாயம் ஊறியிருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"இதை எழுதினவருக்கு எவ்வளவு கொடுத்தீங்க ஐயா?"

ஆயிரம் ரூபாய் என்றேன். நம் பணத்தில் எவ்வளவு என்று ஒருவன் கேட்க, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிறகு அவர் முதலில் கேட்ட விலையையும் சொன்னேன். அவன் இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான்.